தமிழில் டாக்டர்களை உருவாக்கிய கிரீன்

அமெரிக்காவில் பிறந்தவர், தமிழர்களுக்காக உழைத்தவர். அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

1822-ல் பிறந்த கிரீன், 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். மானிப்பாயில் நோயாளிகளைக் கவனித்தார். இளைஞர்களுக்கு வைத்தியமும் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம். ஆனால் படித்தவர்கள் உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளியை யார் பார்ப்பது? 1864-ல் கிரீன் தமிழுக்கு மாறினார்.

பாடப் புத்தகம் வேண்டுமே! அதற்குச் சொற்கள் வேண்டுமே!

முதலில் தமிழில் தேடினார். கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடினார். அங்கும் இல்லையென்றால், ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாற்றினார். அப்படித்தான் 'கெமிஸ்திரி', 'கெமிஸ்தம்' ஆயிற்று! அந்தப் பெயரிலேயே ரசாயனப் புத்தகம் 1875-ல் வெளிவந்தது.

ஜப்பானிலும் இதே கதைதான். உதகாவா யோஆன் என்ற அறிஞர், 1837 முதல் ரசாயன நூல் வெளியிட்டார். ரசாயனத்துக்கு டச்சு மொழி ஓசையில் 'செய்மி' என்று பெயர். பிராணவாயுவுக்கோ ஜப்பானியரே புரிந்துகொள்ளும்படி 'சான்சோ' என்று பெயர் வைத்தார். புளிப்புக்கு மூலமான பொருள் என்று அர்த்தம்.

செய்மி மறைந்தது, சான்சோ நிலைத்தது. இங்கே கெமிஸ்தம் போய், வேதியியல் வந்துவிட்டது.

கிரீன் 1884-ல் அமெரிக்காவில் காலமானார். அவரிடம் படித்து டாக்டரானவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பலர் தமிழிலேயே படித்துத் தேறியவர்கள்!