திருவொற்றியூர் தியாகையர்

திருவொற்றியூர் தியாகையர் (1845 – 1917) கருநாடக இசைப் பாடகரும் வாக்கேயகாரரும் ஆவார். பாடலின் சொற்களையும் இசையையும் தாமே ஆக்குபவர் வாக்கேயகாரர் எனப்படுவார். வர்ணங்கள் இயற்றியதற்காகவும், தந்தை வீணை குப்பையரின் பாடல்களைத் தம் பாடல்களுடன் சேர்த்து அச்சேற்றியதற்காகவும் இவர் அறியப்படுகிறார்.

குடும்பம்

தியாகையரின் தந்தை வீணை குப்பையர் (1798 – 1860), தியாகராச சுவாமிகளின் நேர் மாணவர். அவரது அழைப்பை ஏற்று 1839ஆம் ஆண்டளவில் சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்தார். அங்குள்ள தியாகராசசுவாமி கோயிலின் வடிவுடையம்மன் மீது அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. பின்னர் பிறந்த தம் மகனுக்குக் குப்பையர் குருவின் பெயரையே சூட்டினார்.

குப்பையர் காலமானபோது தியாகையருக்கு வயது ஏறத்தாழ 15. அக்காலத்தில் பாடல்கள் பெரும்பாலும் குருவிடமிருந்து மாணவருக்கு வாய்மொழியாகவே சென்றன. ஒருவரது மறைவுடன் அவர் மட்டுமே அறிந்த பாடல்களும் மறைந்துபோகும் நிலை இருந்தது.

பாடல்கள்

தியாகையரின் பாடல்கள் தெலுங்கு மொழியில் அமைந்தவை. குப்பையர் 'கோபாலதாச' என்னும் முத்திரையைக் கையாண்டார். மகனின் முத்திரை 'வேணுகோபால' என்பதாகும். சகானா இராகத்தில் 'கருணிம்ப', தர்பார் இராகத்தில் 'சலமேல' எனத் தொடங்கும் ஆதி தாள வர்ணங்கள் இவருடைய புகழ்பெற்ற படைப்புகளாகும். சகானா, தர்பார் ஆகிய இரண்டும் ஆரோகண, அவரோகணங்களால் மட்டும் அறியத்தக்க இராகங்கள் அல்ல. அவற்றின் உருவம் தனிச்சிறப்பான சுரப் பிடிப்புகளில் உள்ளது. அப்பிடிப்புகளை மாணவர் மனத்தில் பதிய வைப்பதே வர்ணத்தின் பயன். இவ்வர்ணங்கள் இன்றும் பயிற்சியிலும் கச்சேரிகளிலும் பாடப்படுகின்றன.

பல்லவி சுவரகல்பவல்லி

1900 இல் தியாகையர் 'பல்லவி சுவரகல்பவல்லி' என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். தந்தையின் படைப்புகளும் இவருடைய படைப்புகளும் சுர, தாளக் குறிப்புகளுடன் இதில் தெலுங்கு எழுத்தில் இடம்பெற்றன. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது இதற்கு நான்கு ஆண்டுகள் பின்னர், 1904 இல் ஆகும். 'சங்கீர்த்தன ரத்னாவளி' தியாகையரின் மற்றொரு தொகுப்பாகும்.

சுரக் குறிப்பு கமகங்களை முழுமையாகக் காட்டுவதில்லை. எனவே நூல் வந்த பின்னரும் குருவின் தேவை நீங்கவில்லை. எனினும் பாடலின் சொல்லும் சுர அமைப்பும் அச்சில் நிலைபெற்றன. குப்பையரிடம் பாடம் கேட்க வாய்ப்பில்லாத தலைமுறையினரும் அவருடைய பாடல்களைக் கற்க இந்நூல் வழிசெய்தது.

மறைவு

தியாகையர் 1917 இல் காலமானார். சுவாமிகள் பாடிய ஊரின் பெயர் இவரது பெயருடன் சேர்ந்தே இசையுலகில் வழங்குகிறது.