கோட்டு சூட்டு பிரம்மெல்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஹாஸ்டல் வராண்டாவில் ஒரே ஒரு கறுப்பு பிளேசர் ஆறு பேர் தோளில் ஏறி இறங்குவதை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒருத்தனுக்குக் கை நீளம், இன்னொருத்தனுக்கு பட்டன் போட்டால் மூச்சே நின்னுடும். இந்த வெயிலில் இதை எவன்டா கண்டுபிடிச்சான் என்று ஒரு தடவையாவது திட்டியிருப்பீங்க. ஒரே ஆள் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அந்தத் திட்டில் பெரிய பங்கு போய்ச் சேர வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கார். பெயர் ஜார்ஜ் பிரம்மெல். ஊர் வைத்த பட்டப்பெயர் போ பிரம்மெல். பயப்படாதீங்க, பிரெஞ்சில் போ என்றால் அழகன்.

1778-இல் லண்டனில் பிறந்தார். ராஜ பரம்பரை எல்லாம் இல்லை. அப்பா, பிரதமர் நார்த் பிரபுவிடம் செயலாளராக இருந்தவர். ஈட்டனில் பள்ளிப்படிப்பு, ஆக்ஸ்ஃபோர்டில் கொஞ்ச நாள். ஆமாம், தலைவர் டிராப்-அவுட்தான். 1794-இல் வேல்ஸ் இளவரசரின் குதிரைப்படையில் சேர்ந்தார். இளவரசருக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போச்சு. படையை மான்செஸ்டருக்கு மாற்றியதும் வேலையை விட்டுவிட்டு லண்டனிலேயே தங்கிட்டார். 21 வயதில் அப்பாவின் சொத்தில் பங்கு வந்தது, 20,000 பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். மேஃபேரில் வீடு பிடித்தார்.

அதுவரை பெரிய இடத்து ஆண்களின் உடை எப்படி இருந்தது தெரியுமா? பட்டு, ஜரிகை, பூவேலை, தலையில் பவுடர், மேலே வாசனைத் தண்ணி. குளியல் மட்டும் குறைவு. பிரம்மெல் இதைத் தலைகீழாக்கினார். தினமும் குளியல், சுத்தமான சவரம், பல் தேய்ப்பது. உடம்பில் கருநீலக் கம்பளிக் கோட், வெளிர் நிற வெயிஸ்ட்கோட், கழுத்தில் லேசாகக் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி. மாலை விருந்து என்றால் கறுப்பு பேன்ட். அவ்வளவுதான். மின்னுவது ஒன்றுமில்லை. பார்ப்பவர் கண் போய் நிற்கவேண்டியது துணியின் விலையில் இல்லை, அது உடம்பில் உட்கார்ந்திருக்கும் விதத்தில்.

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருது. பட்டை வெட்டலாம், தைக்கலாம், வளைக்க முடியாது. கம்பளி அப்படியில்லை. ஈரமும் சூடும் கொடுத்தால் ஒரு இடத்தில் இழுக்கும், இன்னொரு இடத்தில் சுருங்கும், ஆறியதும் அந்த வடிவத்திலேயே நிற்கும். லண்டன் டெய்லர்களில் சிலர் ராணுவச் சீருடை தைத்துக் கை பழகியவர்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்தே மார்பையும் தோளையும் துணியில் செதுக்கினார்கள். இன்றைக்கும் அதே கணக்குதான். நீங்கள் கோட் வாங்கப் போனால் முதலில் ஷோல்டரைப் பாருங்க. கை நீளத்தையும் இடுப்பையும் பிறகு ஆல்டர் பண்ணிக்கலாம். தோள் சரியில்லையென்றால் அதைச் சரிபண்ணுவது பெரிய வேலை, அந்தக் கோட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துடுங்க.

பிரம்மெல் உடுத்துவதைப் பார்க்க இளவரசரே காலையில் வீட்டுக்கு வந்து உட்காருவாராம். கழுத்துத்துணி முதல் முடிச்சில் சரியாக விழவில்லையென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பார். இவர் தலையசைத்தால் ஒருவருக்கு லண்டனில் மரியாதை, முகம் திருப்பினால் அவ்வளவுதான்.

அந்த மிதப்புதான் கவிழ்த்தது. 1813-இல் ஒரு விருந்தில் இளவரசர் இவரைக் கண்டுகொள்ளாமல் போக, அவர் காதுபடவே அவருடைய உடல் பருமனைக் கிண்டலடித்துவிட்டார். நட்பு முறிந்தது. இன்னொரு பக்கம் சூதாட்டம், கடன். 1816 மே மாதம் ஒரு நாள் ராத்திரி, வழக்கம்போல ஆப்பராவுக்குப் போனார். பாதியில் கிளம்பி வண்டியேறி, கடல் தாண்டி பிரான்சின் கலே நகருக்கு ஓடிப்போனார். வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தது.

கலேயில் நண்பர்கள் அனுப்பிய பணத்தில் பிழைப்பு. 1821-இல் பழைய நண்பர், இப்போது அரசர், அந்த ஊர் வழியாகவே போனார், பார்க்கவில்லை. 1830-இல் கான் நகரில் ஒரு தூதரக வேலை கிடைத்தது, இரண்டே வருஷத்தில் அந்தப் பதவியே இல்லாமல் போச்சு. 1835-இல் கடனுக்காகச் சிறை. நண்பர்கள் வசூல் பண்ணி மீட்டார்கள். வெள்ளைத் துணிக்கே பேர்போன மனுஷன், சலவைக்கூலிக்கு வழியில்லாமல் கறுப்புக் கழுத்துத்துணிக்கு மாறினார். கடைசியில் புத்தி தடுமாறியது. மெழுகுவத்தி ஏற்றி வைத்து, வராத பிரபுக்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். 1840 மார்ச் 30 அன்று கானில் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார். வயது 61.

லண்டனில் சட்டைக் கடைகளுக்குப் பேர்போன ஜெர்மின் தெருவில் இப்போது அவருக்குச் சிலை இருக்கு. கோட்டின் அளவை அங்குலம் அங்குலமாகப் பார்த்த மனுஷன், தன் வரவு செலவுக்கு மட்டும் அளவே எடுக்கவில்லை. அதனால நண்பா, இன்டர்வியூவுக்கு புது சூட் வாங்க கடன் வாங்கப் போறீங்கன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. ரூம்மேட் பிளேசர் உங்க தோளுக்குச் சரியா இருக்கா? துவைத்து, இஸ்திரி போட்டு, அதையே மாட்டிக்கிட்டுப் போங்க. பிரம்மெல் பார்த்தாலும் குறை சொல்லமாட்டார்.