வட்டத்தை அளந்த ஒல்லாந்தர்

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு, அவர்களுடைய நாட்டின் ஹேக் நகரில், முப்பது வயதான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சுழலும் பொருள்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். கோட்டையை விட அந்தக் கணக்கே நீடித்தது.

1629 இல் பிறந்த அவர் எட்டு வயதில் தாயை இழந்தவர். 1655 இல் சனியின் துணைக்கோளான டைட்டனைக் கண்டார். மறு ஆண்டு ஊசற் கடிகாரத்தை உருவாக்கினார்.

முள்ளிவாய்க்காலில் வாளியைக் கயிற்றில் கட்டிச் சுழற்றும் பிள்ளைக்கும் கையில் அந்த இழுவை தெரியும். கதி மாறாவிட்டாலும் திசை மாறுவதால் அங்கே ஆர்முடுகல் உண்டு. கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் அதன் அளவு வரும். கதி இருமடங்கானால் இழுவை நான்கு மடங்கு. ஹைகன்ஸ் இதை வெளியே தள்ளும் விசையாகவே எண்ணினார். நாம் மையநாட்ட ஆர்முடுகல் என்று படிப்பதற்கும் அளவு அதுவே.

நடுக்கடலில் நெடுங்கோடு தெரியாமல் கப்பல்கள் அழிந்த காலம் அது. 1686 இல் அவருடைய கடிகாரங்கள் அல்க்மார் என்ற கப்பலில் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றன. திரும்பிய பாதையை அவற்றின் நேரப்படி வரைந்தால், கப்பல் அயர்லாந்தின் தரைமேல் ஓடியிருக்க வேண்டும்! ஹைகன்ஸ் கடிகாரத்தை வீசிவிடவில்லை. பூமியே சுழல்கிறதே என்று யோசித்தார். மத்திய கோட்டருகே சுழற்சிக் கதி மிகுதி. (முள்ளிவாய்க்காலில் நிற்கும்போதும் நாம் செக்கனுக்கு 450 மீற்றருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறோம்.) அதனால் அங்கே நிறை 289 இல் ஒரு பங்கு குறைகிறது, ஊசலும் தாமதிக்கிறது. அதைத் திருத்தியதும் பாதை கடலுக்குத் திரும்பியது.

சுழற்சி பற்றிய முடிவுகளை 1673 இல் நிறுவலின்றியே வெளியிட்டிருந்தார். 1695 இல் ஹேக்கில் காலமானார். நிறுவல்கள் 1703 இல்தான் அச்சேறின.