நாடி அலையை ஆராய்ந்த அறிஞர்

இங்கிலாந்து நாட்டில் மில்வர்ட்டன் என்னும் சிற்றூரில் 1773-ஆம் ஆண்டு தாமஸ் யங் பிறந்தார். இரண்டு வயதிலேயே படிக்கத் தொடங்கிய இவர், பின்னர் மருத்துவம் பயின்று இலண்டன் மாநகரில் மருத்துவராய் விளங்கினார்.

இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் பொருள்களின் தன்மையை யங் ஆராய்ந்தார். பொருளின் விறைப்பைக் குறிக்கும் எண் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. குருதிக் குழாய்களும் அத்தன்மை உடையன. இதயம் துடிக்குந்தோறும் எழும் நாடி அலை அவற்றின் வழியே எவ்வளவு விரைவாய்ச் செல்லும் என்பதைக் கணக்கிட்டு, 1808-ஆம் ஆண்டு இராயல் கழகத்தில் அவர் விளக்கினார்.

குழாய் நெகிழ்ந்திருப்பின் அலை மெல்லச் செல்லும். விறைத்திருப்பின் விரைந்து செல்லும். முதுமை வரவரக் குழாய்கள் விறைப்பதால் அலையின் விரைவும் மிகுகின்றது. இக்கால மருத்துவர்கள் கழுத்திலும் தொடையிலும் நாடியை நோக்கி, இடையே அலை செல்லும் காலத்தை அளந்து, குழாயின் விறைப்பை அறிகின்றனர்.

யங் 1829-ஆம் ஆண்டு, தம் 55-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய உடலை ஆய்ந்தபோது, இதயத்தினின்று புறப்படும் பெருங்குழாய் எலும்புபோல் இறுகியிருக்கக் கண்டனர். அதனை முன்னரே அளந்தறியும் கருவி அவர் காலத்தில் இல்லை. ஆயினும் அவ்வளவைக்கு வழி வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். தமக்குப் பயன்படாத அறிவையும் பின்வருவோர்க்குப் பயன்பட வைத்துச் செல்வது சான்றோர் இயல்பன்றோ!