செரிமான நொதிகள் சுரக்கும் விதத்தை விளக்கிய இவான் பாவ்லோவ்

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பெத்ரோவிச் பாவ்லோவின் பிறந்த தினம் செப்டம்பர் 26. எச்சில் ஊறும் நாயைக் கொண்டே பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. ஆயினும், 1904-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது செரிமானம் குறித்த ஆய்வுகளுக்காகவே. ரஷ்யர் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசும் அதுவே.

1849-ஆம் ஆண்டு ரியாசான் நகரில் பாதிரியாரின் மகனாகப் பிறந்த பாவ்லோவ், முதலில் சமயக் கல்வி பயின்றார். அறிவியல் நூல்களின் ஈர்ப்பால் அதனைக் கைவிட்டு, 1870-இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இரைப்பையில் புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியை ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் 1836-லேயே கண்டறிந்திருந்தார். ஆனால், உயிருள்ள உடலில் செரிமான நீர் எப்போது, எதனால் சுரக்கிறது என்பது தெளிவாகவில்லை. அறுவைக்கு உட்படுத்தப்பட்ட விலங்குகள் விரைவில் மடிந்தது ஆய்வுகளுக்குத் தடையாக இருந்தது. மருத்துவமனைக்குரிய தூய்மையுடனும் மயக்க மருந்துடனும் அறுவை செய்த பாவ்லோவ், நாய்களை நீண்டகாலம் உயிருடன் வைத்து ஆராய்ந்தார். அவை அடைந்த துன்பத்தை இன்றைய விலங்கு நல நெறிகள் எளிதில் ஏற்கமாட்டா.

ஒரு சோதனையில், நாய் விழுங்கிய உணவு இரைப்பையை அடையாமல் கழுத்தில் அமைக்கப்பட்ட திறப்பின் வழியே வெளியே விழுந்தது. எனினும், சில நிமிடங்களில் இரைப்பையில் நீர் சுரந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்தபின் அவ்வாறு சுரக்கவில்லை. இதன்மூலம், உணவு வந்து சேரும் முன்பே நரம்பு வழியாக இரைப்பை ஆயத்தமாகிறது என்பது உறுதியானது. இவ்வாறு சேகரிக்கப்பட்ட தூய இரைப்பைநீர், அஜீரணத்தால் அவதியுற்றோருக்கு மருந்தாகவும் விற்பனை செய்யப்பட்டது.

கணையநீர் மற்றொரு புதிராக இருந்தது. கணையக் குழாயிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட நீரால் புரதத்தைச் சிதைக்க இயலவில்லை. அதனுடன் சிறுகுடல் நீரைச் சேர்த்தவுடன் அது வீரியம் பெற்றது. குடலில் உள்ள என்டெரோகைனேஸ் என்ற நொதியே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பதை, 1899-இல் பாவ்லோவின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஷெபோவல்நிகோவ் கண்டறிந்தார். புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின், கணையத்துக்குள் செயலற்ற வடிவில் இருந்து குடலை அடைந்த பின்னரே விழித்தெழுகிறது. இல்லையெனில், தன்னை உருவாக்கிய கணையத்தையே அது அரித்துவிடும்.

செரிமானச் சுரப்புகள் யாவும் நரம்பின் ஆணைக்கே கட்டுப்பட்டவை என்று பாவ்லோவ் கருதிவந்தார். 1902-இல் லண்டனைச் சேர்ந்த பேலிஸ், ஸ்டார்லிங் ஆகியோர் அக்கருத்தை அசைத்தனர். நரம்புகள் அகற்றப்பட்ட குடல் பகுதியில் அமிலத்தைச் செலுத்தியபோதும் கணையம் சுரந்தது. குடலில் உருவாகி இரத்தத்தின் வழியே செல்லும் செக்ரெடின் என்ற வேதிப்பொருளே அதனைத் தூண்டியது. பல்லாண்டு உழைப்பில் எழுந்த கோட்பாடு ஆட்டம் கண்ட நிலையில், பாவ்லோவின் ஆய்வகத்தில் அதே சோதனை மீண்டும் செய்து பார்க்கப்பட்டது. முடிவு லண்டன் அறிஞர்களுக்குச் சாதகமாக அமைந்ததும் அவர் அதனை ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் உமிழ்நீர்ச் சுரப்பை அடிப்படையாகக் கொண்டு, மூளையின் செயல்பாட்டை ஆராய்வதில் அவர் கவனம் செலுத்தினார். இறுதிவரை ஆய்வில் ஈடுபட்டிருந்த பாவ்லோவ், 1936 பிப்ரவரி 27 அன்று தமது 86-ஆவது வயதில் லெனின்கிராடில் காலமானார்.