பெஞ்சமின் பிராங்கிளின்

பெஞ்சமின் பிராங்கிளின் (சனவரி 17, 1706 – ஏப்ரல் 17, 1790) ஐக்கிய அமெரிக்காவை நிறுவிய தலைவர்களுள் ஒருவர் ஆவார். அச்சக உரிமையாளர், இதழாசிரியர், அறிவியலாளர், அரசியல் தூதர் எனப் பல துறைகளில் அறியப்பட்டவர். மின்னல் பற்றிய ஆய்வுகளாலும் இடிதாங்கியாலும் உலகப் புகழ் பெற்றார். பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவாக இணைந்த பதின்மூன்று பிரித்தானியக் குடியேற்றங்களும் (காலனிகளும்) தொழில், உணவு, சமயம், உழைப்பு முறை ஆகியவற்றில் பெரிதும் வேறுபட்டிருந்தன. பிராங்கிளின் வடக்கில் பிறந்து, நடுப்பகுதியில் தொழில் நடத்தி, தெற்கிலும் வணிகத் தொடர்பு கொண்டிருந்தார். இக்குடியேற்றங்களை ஒன்றிணைக்கத் தொடக்கத்திலேயே முயன்றவர்களுள் இவரும் ஒருவர்.

பின்னணி

இக்குடியேற்றங்களை வரலாற்றாளர்கள் பொதுவாக மூன்று வட்டாரங்களாகப் பிரிப்பர்.

• நியூ இங்கிலாந்து: மாசச்சூசெட்ஸ், கனெடிகட், ரோட் தீவு, நியூ ஹாம்சயர். கற்கள் நிறைந்த நிலமும் நீண்ட குளிர்காலமும் பெரும்பண்ணைகளுக்கு இடம் தரவில்லை. மீன்பிடித்தல், கப்பல் கட்டுதல், கடல் வணிகம் ஆகியன வளர்ந்தன. மக்கள் தேவாலயத்தைச் சுற்றி அமைந்த ஊர்களில் வாழ்ந்தனர்.
• நடுக் குடியேற்றங்கள்: நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர். கோதுமை விளைச்சல் மிகுந்த பகுதி. மாவும் ரொட்டியும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. ஆங்கிலேயர், இடச்சுக்காரர், செருமானியர் எனப் பல இனத்தவர் வாழ்ந்தனர்.
• தெற்குக் குடியேற்றங்கள்: மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜோர்ஜியா. புகையிலை, நெல், அவுரி ஆகிய ஏற்றுமதிப் பயிர்கள் பெரும்பண்ணைகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைவிக்கப்பட்டன. நகரங்கள் குறைவு.

அடிமை முறை மூன்று வட்டாரங்களிலும் சட்டப்படி நிலவியது. எனினும் தெற்கில் மட்டுமே பொருளாதாரம் முழுவதும் அதனைச் சார்ந்திருந்தது.

பாஸ்டனில் இளமை

பிராங்கிளின் மாசச்சூசெட்சின் துறைமுக நகரான பாஸ்டனில் பிறந்தார். தந்தை சோசயா இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். மெழுகுதிரியும் சோப்பும் செய்து விற்றார். தாயார் அபையா நான்டக்கெட் தீவைச் சேர்ந்தவர். தந்தையின் பதினேழு பிள்ளைகளுள் கடைசி மகன் இவரே.

சமய நூலை மக்கள் தாமே படிக்கவேண்டும் என்று கருதிய தூய்மைவாதக் கிறித்தவர்கள், 1647 ஆம் ஆண்டிலேயே ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் ஓர் ஆசிரியரை அமர்த்தவேண்டும் எனச் சட்டம் இயற்றியிருந்தனர். இத்தகைய சூழலில் வளர்ந்தும், பிராங்கிளினின் பள்ளிப் படிப்பு பணம் இல்லாமையால் பத்து வயதிலேயே நின்றது. பன்னிரண்டாம் வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சகத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். ஜேம்ஸ் 1721 இல் தொடங்கிய இதழுக்கு, 1722 இல் ஒரு கைம்பெண்ணின் பெயரில் பதினான்கு மடல்களை மறைவாக எழுதினார். அண்ணனுடன் ஏற்பட்ட பிணக்கினால் 1723 இல் ஒப்பந்தத்தை மீறி ஊரைவிட்டு வெளியேறினார்.

பிலடெல்பியா

நியூயார்க்கில் வேலை கிடைக்காததால் நியூ ஜெர்சியை நடந்தே கடந்து, பின்னர் படகேறிப் பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவை அடைந்தார். அங்கு ஒரு ரொட்டிக் கடையில் பாஸ்டனில் விற்கும் வகையைக் கேட்டார். அவ்வகை அவ்வூரில் செய்யப்படுவதில்லை. மூன்று பென்னிக்கு எதையாவது தருமாறு கேட்டபோது மூன்று பெரிய ரொட்டிகள் கிடைத்தன. கோதுமை விளையும் பகுதியில் உணவு எவ்வளவு மலிவு என்பதை முதல் நாளிலேயே அறிந்து வியந்ததாகத் தன்வரலாற்றில் இவர் பதிந்துள்ளார்.

1724 முதல் 1726 வரை இலண்டனில் அச்சுத் தொழில் பழகித் திரும்பிய பின், 1728 இல் கூட்டாக அச்சகம் தொடங்கினார். 1729 இல் பென்சில்வேனியா கெசட் இதழை வாங்கினார். செருமானியக் குடியேறிகளுக்காக 1732 இல் இவர் வெளியிட்ட செருமன் இதழ் விரைவில் நின்றது. அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஏழை ரிச்சர்டின் பஞ்சாங்கம் நல்ல வருவாய் ஈட்டியது.

நாணயத் தட்டுப்பாட்டை ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு வகையில் சமாளித்தது. வர்ஜீனியாவில் கிடங்கில் சேர்த்த புகையிலைக்குத் தரப்பட்ட சீட்டுகளே பணமாகப் புழங்கின. பென்சில்வேனியாவில் நிலத்தை ஈடாகக் கொண்டு காகிதப் பணம் வெளியிடப்பட்டது. அதனை ஆதரித்து 1729 இல் பிராங்கிளின் ஒரு சிறுநூல் எழுதினார். பின்னர் அப்பணத்தை அச்சிடும் பணியும் இவருக்கே கிடைத்தது.

தெற்கில் அச்சகம்

1731 இல் தன் பணியாளர் தாமஸ் விட்மார்ஷ் என்பவரைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பினார். அச்சு இயந்திரமும் எழுத்துகளும் பிராங்கிளினுடையவை. இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு இவருக்குரியது. விட்மார்ஷும் அவருக்குப் பின் வந்த லூயிஸ் திமொத்தியும் இறந்தனர். 1738 முடிவில் திமொத்தியின் மனைவி எலிசபெத் பொறுப்பேற்றார். கணவரைவிட ஒழுங்காகக் கணக்கு அனுப்பிய அவரைப் பிராங்கிளின் பெரிதும் பாராட்டினார்.

தென் கரோலினாவில் அப்போது வெள்ளையரைவிட அடிமைகளின் எண்ணிக்கை மிகுதி. அங்கு வெளியான இதழில் அடிமை விற்பனை விளம்பரங்களும், தப்பியோடியவர்களைப் பிடிப்போர்க்கான பரிசு அறிவிப்புகளும் இடம்பெற்றன. பிலடெல்பியாவில் பிராங்கிளினின் சொந்த இதழும் இத்தகைய விளம்பரங்களை வெளியிட்டு வருவாய் பெற்றது. தானும் ஓர் எசமானிடமிருந்து ஓடிவந்த பயிலுநரான பிராங்கிளின், வீட்டில் அடிமைகளையும் வைத்திருந்தார்.

அஞ்சல் பணியும் ஆல்பனி திட்டமும்

1737 இல் பிலடெல்பியாவின் அஞ்சல் தலைவரானார். 1753 இல் வர்ஜீனியாவின் வில்லியம் ஹண்டருடன் சேர்ந்து குடியேற்றங்கள் அனைத்துக்கும் துணை அஞ்சல் தலைவராக அமர்த்தப்பட்டார். நெடும்பயணம் செய்து அஞ்சல் நிலையங்களைப் பார்வையிட்டு வழித்தடங்களைச் சீரமைத்தார். ஒருவரையொருவர் அதிகம் அறியாத வட்டாரங்களுக்கிடையே செய்தி விரைந்து செல்ல இது உதவியது.

1754 மே மாதம் துண்டாக்கப்பட்ட பாம்பின் படத்தைத் தன் இதழில் வெளியிட்டுக் குடியேற்றங்கள் ஒன்றிணைய வேண்டினார். அதன் எட்டுத் துண்டுகளுள் நியூ இங்கிலாந்து முழுவதும் ஒரே துண்டாக இருந்தது, ஜோர்ஜியா இடம்பெறவில்லை. அவ்வாண்டு கோடையில் ஆல்பனியில் கூடிய மாநாட்டில் ஏழு குடியேற்றங்களே பங்கேற்றன. மேரிலாந்துக்குத் தெற்கிலிருந்து எவரும் வரவில்லை. நாற்பத்தெட்டு உறுப்பினர் கொண்ட பொது அவையை அமைக்கும் இவரது திட்டத்தை மாநாடு ஏற்றது. ஆயினும் தம் வரி விதிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பாத குடியேற்றங்களின் சட்டமன்றங்கள் அதனை ஏற்கவில்லை.

1757 முதல் பெரும்பாலும் இலண்டனில் வாழ்ந்த இவர், பென்சில்வேனியாவுடன் ஜோர்ஜியா (1768), நியூ ஜெர்சி (1769), மாசச்சூசெட்ஸ் (1770) ஆகியவற்றுக்கும் முகவரானார். இதனால் மூன்று வட்டாரங்களின் குறைகளையும் எடுத்துரைக்கும் நிலை பெற்றார். 1765 ஆம் ஆண்டின் முத்திரைத்தாள் வரி குறித்து 1766 இல் நாடாளுமன்றத்தில் இவர் அளித்த விடைகள், அது நீக்கப்படத் துணைபுரிந்தன.

விடுதலையும் அடிமை முறையும்

1776 இல் விடுதலைச் சாற்றுரையை வரையும் ஐவர் குழுவில் இடம்பெற்றார். அடிமை வணிகத்தைக் கண்டித்த பகுதி, தென் கரோலினா, ஜோர்ஜியா ஆகியவற்றின் எதிர்ப்பால் நீக்கப்பட்டது. அவ்வணிகத்தில் கப்பல் செலுத்தி இலாபம் கண்ட வட பகுதியினரும் அந்நீக்கத்தை எதிர்க்கவில்லை. பின்னர் பிராங்கிளின் பிரான்சில் தூதராக இருந்து 1778 ஆம் ஆண்டின் நட்புறவு உடன்படிக்கையையும், 1783 ஆம் ஆண்டின் அமைதி உடன்படிக்கையையும் செய்து முடிக்க உதவினார்.

அடிமை முறை குறித்த இவரது கருத்து படிப்படியாக மாறியது. 1763 இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி ஒன்றைப் பார்வையிட்டபின், அவர்களது அறிவாற்றல் பற்றிய தன் முந்தைய எண்ணத்தைக் கைவிட்டார். 1787 இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். ஆயினும் அவ்வாண்டு உருவான அரசியலமைப்பு, அடிமை இறக்குமதியை 1808 வரை தடைசெய்ய இயலாதவாறு காத்தது. ஒன்றியம் உடையாதிருக்க வேண்டும் எனக் கருதிய பிராங்கிளின், தன் 81 ஆம் வயதில் அதில் கையொப்பமிட்டார்.

1790 பெப்ரவரியில் அடிமை முறையையும் அடிமை வணிகத்தையும் ஒழிக்கவேண்டி அச்சங்கத்தின் விண்ணப்பத்தை இவர் கையொப்பமிட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். தென் மாநில உறுப்பினர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். மாநிலங்களில் அடிமைகளை விடுவிக்கத் தமக்கு அதிகாரம் இல்லை எனக் கீழவை முடிவு செய்தது.

மறைவு

இரண்டு மாதங்களுக்குப் பின் பிலடெல்பியாவில் தன் 84 ஆம் வயதில் பிராங்கிளின் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் கூடினர். இளம் கைவினைஞர்களுக்குக் கடன் வழங்குமாறு பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு உயில் எழுதிவைத்தார். அறக்கட்டளைகள் 200 ஆண்டுகள் நீடித்து 1990 இல் முடிவுற்றன. இவரது தலைமுறை தீர்க்காமல் விட்ட வட்டாரப் பிளவு 1861 இல் உள்நாட்டுப் போராக வெடித்தது. அடிமை முறை 1865 இல் நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது.