காங்கேயத்துக்காரரை ஏன் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்? தீரன் சின்னமலையும் ஒரு மலைக்கோட்டையும்

சேலத்திலிருந்து கோவை பைபாஸில் போகிறவர்கள் எல்லோரும் அந்த மலையைப் பார்த்திருப்பார்கள். லாரிகளுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் பேர்போன சங்ககிரிக்கு மேலே, சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் பாறை மலை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சரிவில் மதில்சுவர் கோடு கோடாகத் தெரியும். வண்டி வேகத்தில் அது கண்ணில் படாமலே போய்விடுவதும் உண்டு. ஆடி 18 அன்று மட்டும் இந்த ஊர் பரபரப்பாகிவிடும். அமைச்சர்கள், கலெக்டர், கட்சிக்காரர்கள் என்று மாலையோடு வரிசையாக வருவார்கள். தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் இது.

ஆனால் சின்னமலை சங்ககிரிக்காரர் இல்லை. காவிரிக்கு அந்தப் பக்கம், காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்தவர். சங்ககிரியிலிருந்து ரோடு வழியாகப் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல் வரும். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் கருமலை இன்னும் தெற்கே, பழனி வட்டாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுவந்து இந்த மலையில் ஏன் தூக்கில் போட வேண்டும்? இதற்கு விடை தேடினால் அவருடைய மொத்த வாழ்க்கையும் இந்தக் கோட்டையைச் சுற்றியே வருவது தெரிகிறது.

வரிப்பணம் இருந்த மலை

முதலில் கோட்டையைப் பார்த்துவிடலாம். சங்கு வடிவ மலை என்பதால் சங்ககிரி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இன்னும் துர்க்கம் என்ற பழைய ஒட்டு இருக்கிறது. துர்க்கம் என்றால் எளிதில் நெருங்க முடியாத கோட்டை. இந்த மலைக்கு அது பொருத்தமான பெயர்தான். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, ஒரே ஒரு பக்கம்தான் ஏற முடியும்.

விஜயநகர காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை இது. பிறகு கெட்டி முதலிகள், மைசூர் உடையார்கள், ஹைதர் அலி, திப்பு சுல்தான், கடைசியில் கிழக்கிந்திய கம்பெனி என்று கை மாறியது. வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கட்டினார்கள். மதில்கள் அடுக்கடுக்காக 14 சுற்று என்பது கணக்கு. கடைசிச் சுற்று வெள்ளைக்காரர்கள் காலத்தது. ஒரு வாசலைத் தாண்டினால் பாதை திரும்பி அடுத்த வாசலில் போய் நிற்கும். கீழிருந்து ஏறுகிற படையை மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் மடக்கலாம். உள்ளே பெருமாள் கோயில், மசூதி, தானியக் கிடங்கு, கம்பெனி காலத்து அலுவலகக் கட்டிடம் எல்லாம் இருக்கின்றன. நாமக்கல் கோட்டையையும் பார்த்திருப்பீர்கள். ஊர் நடுவில் ஒற்றைப் பாறை, மேலே ஒரு சுற்று மதில், கொஞ்ச நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனால் மூச்சு வாங்கிவிடும்.

இவ்வளவு காவல் போட்டதற்குக் காரணம் பணம். மைசூர் ஆட்சியில் கொங்கு நாட்டு வரிப்பணம் இங்கே வந்து சேர்ந்து, இங்கிருந்துதான் மைசூருக்குப் போனது. ஒரு கொங்கு விவசாயிக்கு அரசாங்கம் என்றால் இந்த மலைதான்.

பெயர் வந்த கதை

1756 ஏப்ரல் 17-இல் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் தீர்த்தகிரி. குடும்பம் பழையகோட்டைப் பட்டக்காரர் மரபு. வசதியான வீடு, சிலம்பம், வாள், வில் எல்லாம் கற்ற இளைஞர்.

அவர் சின்னமலை ஆன கதையைக் கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். சங்ககிரி திவானின் ஆட்கள் வரிப்பணத்தோடு மைசூர் போகும் வழியில் தீர்த்தகிரி மறித்தார். பணத்தைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார். யார் பிடுங்கியது என்று திவான் கேட்டால், சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பிடுங்கியதாகச் சொல்லச் சொல்லி அனுப்பினார். திவான் படை அனுப்ப, நொய்யல் கரையில் அதையும் துரத்தியடித்தார்.

இது வாய்வழிக் கதை. இதற்கு ரசீது கேட்க முடியாது. ஆனால் கதையில் வருகிற நிலம் நிஜம். சிவன்மலை காங்கேயத்துக்குப் பக்கம், சென்னிமலை அதற்கு வடக்கே, இரண்டுக்கும் நடுவே நொய்யல். மலையில் உட்கார்ந்து வரி வாங்குகிற அரசாங்கத்துக்கு எதிராக, மலையே இல்லாத சமவெளியில் ஓர் ஆள் தன்னையே மலை என்று சொல்லிக்கொள்கிறார். கதை கட்டியவர்களுக்குச் சங்ககிரி மேல் எவ்வளவு கோபம் இருந்தது என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

எதிரி மாறினார், ஆறு எல்லையானது

இதில்தான் பலருக்குக் குழப்பம் வரும். மைசூர் வரியைப் பறித்தவர் பின்னால் மைசூர் திப்புவோடு எப்படிச் சேர்ந்தார்?

1782 டிசம்பரில் ஹைதர் அலி இறந்து திப்பு பட்டத்துக்கு வந்தார். கம்பெனியோடு மோத அவருக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. கொங்குத் தலைவர்களுக்கும் கம்பெனி எப்படிப்பட்டது என்று புரியத் தொடங்கியிருந்தது. சின்னமலை தன் படையோடு மைசூர்ப் பக்கம் போனார். கருப்ப சேர்வை போன்ற தளபதிகளும் கூடப் போனார்கள்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. தோற்ற திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். சேலம் வட்டாரம் சங்ககிரி, நாமக்கல் உட்பட கம்பெனிக்குப் போனது. காவிரிக்கு மேற்கே கொங்கு திப்புவிடமே இருந்தது. ஆக, 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் காவிரி ஒரு சர்வதேச எல்லை மாதிரி. இந்தக் கரையில் சங்ககிரி கம்பெனிக் கோட்டை, அந்தக் கரையில் ஈரோடு திப்புவின் ஊர். இன்று பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கடக்கிற தூரம்! இளம் வயதில் சின்னமலை எதிர்த்த அதே கோட்டை அப்படியேதான் நின்றது. மேலே பறந்த கொடி மட்டும் மாறிவிட்டது.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு போரில் இறந்தார். கோவையும் கம்பெனி கைக்குப் போனது. அதே அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். சின்னமலை ஊர் திரும்பி, அறச்சலூர் பக்கத்து ஓடாநிலையில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டார்.

1800 ஜூன் 3, மொகரம் நாளில் கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் ஒன்று இருந்தது. மலபார், மைசூர், திண்டுக்கல் எதிர்ப்பாளர்கள் சேர்ந்து போட்ட பெரிய திட்டம். சின்னமலைக்கும் அதில் பங்கு உண்டு என்பார்கள். அது சொதப்பியது. பிடிபட்ட பலர் தூக்கில் தொங்கினார்கள். மறுவருஷம் அக்டோபரில் மருது சகோதரர்களும் போனார்கள். எதிர்த்தவர்களில் ஒவ்வொருவராக விழ, சின்னமலை மட்டும் இன்னும் நாலு வருஷம் தாக்குப்பிடித்தார். 1801-இல் காவிரிக்கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அறச்சலூர் என்று மூன்று மோதல்களில் அவர் ஜெயித்ததாகக் கொங்கு நினைவு சொல்கிறது.

ஓடாநிலைக்குக் கடைசியாக வந்த கம்பெனிப் படை பீரங்கிகளோடு வந்தது. செருப்புக்குள் ஒளித்து வந்த கடிதம் மூலம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு சின்னமலை தப்பியதாகக் கதை. காலிக் கோட்டையைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. சமவெளியில் பாளையக்காரர்கள் கட்டிய கோட்டைகள் பெரும்பாலும் மண்சுவர்தான். ஒருமுறை இடித்து உழுதுவிட்டால் அடையாளமே இருக்காது. ஓடாநிலையில் இன்று நீங்கள் பார்ப்பது அரசு கட்டிய மணிமண்டபம்.

பிறகு கருமலை. அங்கே சமையல்காரர் ஒருவர் காட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், ஆயுதம் கையில் இல்லாதபோது வளைத்துப் பிடித்தார்களாம்.

ஏன் சங்ககிரி?

கருமலைக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல் கோட்டை இருந்தது. அதுவும் கம்பெனி வசம்தான். பாதுகாப்பு மட்டுமே பிரச்சினை என்றால் வேலையை அங்கேயே முடித்திருக்கலாம். காங்கேயத்திலோ ஓடாநிலையிலோ தூக்கில் போட்டால் சொந்த ஜனம் திரளும், அது ஆபத்து. சங்ககிரி இரண்டுக்கும் நடுவான இடம். கம்பெனிக்கு 13 வருஷமாகப் பழகிய கோட்டை, ஏற ஒரே வழி, ஆனால் கொங்கு ஜனம் அத்தனை பேருக்கும் வரி கட்டிப் பழகிய இடம். அங்கே நடப்பது நாடு முழுக்கத் தெரிந்துவிடும். கட்டபொம்மன் தூக்கை மற்ற பாளையக்காரர்களை வரவழைத்துப் பார்க்கவைத்த கம்பெனிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. என் வாசிப்பு இதுதான்.

1805 ஜூலை 31 அன்று தூக்கு. சகோதரர்களும் கருப்ப சேர்வையும் கூடவே தூக்கிலிடப்பட்டதாக மரபு. அவருக்கு வயது 49. ஒரு வருஷம்கூட முடியவில்லை, 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள்.

தேதி பற்றி ஒவ்வொரு வருஷமும் ஒரு சண்டை வரும். ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 2 அல்லது 3 அல்லவா, ஜூலை 31 எப்படி என்று. இரண்டும் சரிதான். தமிழ் மாதம் சூரியன் நட்சத்திரப் பின்னணியில் எந்த ராசியில் நுழைகிறது என்பதை வைத்துப் பிறக்கிறது. ஆங்கில நாட்காட்டி பருவகாலத்தைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் 200 வருஷத்தில் இரண்டரை, மூன்று நாள் ஆகிவிடும். விவேகானந்தர் 1863-இல் மகர சங்கராந்தி அன்று பிறந்தார், தேதி ஜனவரி 12. இப்போது பொங்கல் 14 அல்லது 15-இல் வருகிறது இல்லையா, அதே கணக்குதான். 1805-இல் ஆடிப்பெருக்கு ஜூலை 31-ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். காவிரிக் கரையெல்லாம் ஜனம் கூடுகிற நாள் அது.

கோட்டை இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போவதாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் மேற்குப் பக்கம் திரும்பி நின்றால் காவிரிச் சமவெளி விரிந்து கிடக்கும். சின்னமலையின் ஊர் அந்தத் திசையில்தான், ஆற்றுக்கு அப்பால்.